தாய்மாமன் வராமல் தட்டு மாற்ற மாட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ராயபுரம். நல்ல இடம், கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று எனக்கு ஒரே படபடப்பு.

காரணம், என் அண்ணன். அவருக்கு இருபத்தைந்து வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. காதில் யாரோ பேசுவதாகச் சொல்வார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு நிதானமாக இருக்கிறார். வீட்டிலிருந்தபடியே வலை பின்னித் தருகிறார். எங்கள் பெரியப்பாவுக்கும் இதே நோய்தான் இருந்தது. பரம்பரை வியாதி என்று மாப்பிள்ளை வீடு மிரண்டுவிட்டால்? "தாய்மாமன் வெளியூர் போய்ட்டாரு" என்று கூசாமல் அளந்துவிட்டு, காலையிலேயே அவரை நெட்டுக்குப்பத்தில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நிச்சயத்துக்கென்று எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார் பாவம்.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் மாலை போட்டுப் பெண்ணைச் சபைக்கு அழைத்து வரவேண்டும். அவருக்குப் பதில் சித்தப்பா மகனை மாலையோடு நிறுத்தினேன். மகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா எங்கம்மா?"

கண்ணால் ஜாடை காட்டினேன். அவளா கேட்பாள்? நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனாள்.

"அத்தை, எங்கம்மா சொன்னது பொய்யி. எங்க மாமாவுக்கு மனநோய் கீது. மாசாமாசம் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். எனக்கும் வருமான்னு டாக்டராண்ட கேட்டேன். மத்தவங்களவிட வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா வந்தே தீரும்னு இல்லன்னாரு. பரம்பரை மட்டும் இல்லியாம். வளர்ற வூடு, மனசுல ஏறுற பாரம், போதைன்னு எல்லாம் சேந்துதானாம். இது தெரிஞ்சி கட்டிக்கறதுன்னா கட்டிக்கட்டும். ஆனா மாமா வராம தட்டு மாத்த மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மார்க்கெட்ல செவுளத் தூக்கிக் காட்டிதானம்மா மீன் விக்கிற? வூட்ல மட்டும் இன்னாத்துக்கு மூடி வெக்கிற?"

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தம்மா மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கிளம்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"மாமா எங்க கீறாரு? நான் போயி இட்டுகினு வரேன்" என்றார்.

"சீக்கிரம் வாடா, நல்ல நேரம் முடியப் போவுது" என்றார் அவர் அம்மா.

அண்ணன் அதே புதுச் சட்டையோடு வந்து, மகளுக்கு மாலை போட்டார். நான் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.

மகள் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. போன மாதம் ஆஸ்பத்திரியில், குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது நோய் உண்டா என்று நர்ஸ் கேட்டார். பழக்கதோஷம், நான் வாயை இறுக்கிக்கொண்டேன். மகளோ பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் அண்ணனைக் காட்டி, "எங்க மாமாவுக்கு மனச்சிதைவு கீது, எழுதிக்கங்க" என்றாள். அண்ணனும் தன் மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டினார்.

நான் ஒளித்து வைத்த மனிதரைத் தலை நிமிர்ந்து உட்கார வைத்தவள் என் வயிற்றில் பிறந்தவள் என்று நினைக்கும்போதெல்லாம், அன்று சொன்ன பொய்க்காக வெட்கப்பட்டபடியே நான் பெருமைப்படுகிறேன்.