குழாய்க்குச் சுற்றிய வேட்டி

பனி பார்க்கப் போகும் யோசனை அப்பாவுடையது. அவருக்குக் குளிர் என்றாலே ஆகாது. எங்கள் ஊரான வென்ட்வேர்த்வில்லில், தென்கோளத்தின் குளிர்காலமான யூலை மாதத்து விடியலில் வேலைக்குப் போகும்போது இரண்டு ஜம்பர் போட்டு, அதன்மேல் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, காரில் ஏறியதும் ஹீட்டரை முழுதாகத் திருகிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் 2009ஆம் ஆண்டுக் குளிர்கால விடுமுறையில் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, "பனிமலைக்குப் போறம். மோட்டர்ஹோமில," என்று அறிவித்தார். எனக்கு ஒன்பது வயது. நான் காரணம் கேட்கவில்லை. வகுப்பில் பனியைக் கண்ணால் காணாதவர்களில் நானும் ஒருத்தி; அந்தக் கணக்கைத் தீர்க்க இந்தப் பயணம் போதும்.

வண்டி, அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த கிரேக்கருடையது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருந்த பழைய வண்டி. வண்டியின் திறப்பைக் கொடுக்கும்போது அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மலையில் இரவு தண்ணீர் உறையும். உறைந்தால் குழாய் வெடிக்கும். ஆகவே இருட்ட முன்னர் தொட்டியையும் குழாய்களையும் வெறுமையாக்கி, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுப் படுக்கவேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

புறப்படுவதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை, குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, வன்னியில் இருந்தவர். போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அகதி முகாம்களில் விசாரித்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த விடுமுறைக்குள்தான் ஆடி அமாவாசை வந்தது. தகப்பனை இழந்தவர்களின் விரதத்தை அந்த வருடம் தானும் தொடங்குவதாகப் பெரியப்பா முடிவெடுத்திருந்தார். தம்பியும் கூட வரவேண்டும் என்று கேட்கத்தான் வந்தார்.

"திதி தெரியாட்டி அமாவாசையில குடுக்கலாமெண்டு ஐயர் சொல்லுறார்."

"திதி மட்டுமே தெரியாது? செத்ததே தெரியாதே, அண்ணை."

"ரெண்டு மாசமாச்சடா. எழுபத்தெட்டு வயசு மனுசன். மருந்தில்லாமல்…"

"அப்ப அந்த எழுபத்தெட்டு வயசு மனுசனைத் தேடுங்கோ. காகத்துக்குச் சோறு வைக்காதேங்கோ."

நான் அதே அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. இந்தச் சண்டையால் பயணம் நின்றுவிடுமோ என்பது மட்டுமே என் கவலை. பெரியப்பா போகும்போது வாசலில் வைத்து அம்மாவிடம் ஒரு பையைக் கொடுத்தார். "அவன் வராட்டிலும் பரவாயில்லை. அமாவாசையண்டைக்குக் குளிச்சுப்போட்டு இதைக் கட்டச் சொல்லு." உள்ளே மடிப்புக் கலையாத புது வேட்டி இருந்தது. 'வராட்டிலும்' என்றால் பயணம் நிச்சயம் என்று நான் நிம்மதியானேன்.

மலைக்குக் கீழே ஒரு பெற்றோல் நிலையத்தில், குளிருக்கு இறுகிப்போகாத டீசலை நிரப்பினோம். மாலை நான்கு மணியளவில் இப்படியான வண்டிகள் தங்கும் ஏரிக்கரை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். புல் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. நான் கையுறையைக் கழற்றி அதைத் தொட்டுவிட்டு உடனே திரும்பப் போட்டுக்கொண்டேன். முகாமை நடத்திய வயதான பெண்மணி வண்டி வண்டியாகப் போய், இரவு மைனஸ் ஏழு வரை இறங்கும், தண்ணீரை வெளியேற்றியாயிற்றா என்று கேட்டு வந்தாள். பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் வெளியேற்றிவிட்டார்கள். அவர்களுடைய வண்டிகளின் கீழே நிலம் ஈரமாகி மினுங்கியது.

அப்பா படியில் நின்று, "நோ. மை வாட்டர் ஸ்டேஸ்," என்றார்.

அவள் வானத்தைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் இரண்டு ஜம்பர்களைப் பார்த்தாள். குட் லக் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அந்த மனுசன் படிச்சுப் படிச்சுச் சொன்னவரெல்லோ," என்றார் அம்மா. "குழாய் வெடிச்சா என்ன முகத்தோட வண்டியைக் குடுக்கிறது?"

"ஓடுற தண்ணி உறையாது. நான் ஓட வைக்கிறன்."

அதற்குப் பிறகு அவர் செய்தவற்றை நான் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். முகாமின் குழாயோடு பூட்டியிருந்த ஹோஸைக் கழற்றி, அதிலிருந்த தண்ணீரை உதறி, சுருட்டி உள்ளே கொண்டுவந்தார். ஹீட்டரைப் போட்டார், மூச்சு முட்டாமல் இருக்கக் கூரைச் சாளரத்தை விரலளவு திறந்துவைத்தார். அறைச் சூடு குழாய்களுக்கும் போகட்டும் என்று, கழுவுதொட்டிக்குக் கீழிருந்த அலுமாரிக் கதவுகளை விரியத் திறந்தார். அங்கிருந்த சட்டிபானைகள் என் கட்டிலுக்கு வந்தன. குழாயை நூலளவு திறந்து, கீழே வாளி வைத்தார். வாளி நிறைந்தால் அதைத் திரும்பத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊற்றவேண்டும். அது என் வேலை. மிஞ்சியது ஓரிடம்தான். தொட்டியிலிருந்து வந்த குழாயில் ஒரு முழம், வண்டியின் தரைக்குக் கீழே எந்த மறைப்புமில்லாமல் தொங்கியது.

"சுத்துறதுக்கு ஏதும் துணி இருக்கே?"

அம்மா தன் பழைய சால்வையை எடுத்தார். போதவில்லை. அப்பா தானே பெட்டியைத் திறந்து கிளறினார். அடியில் இருந்தது அந்த வேட்டி.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"ஐயோ, அது உங்கட அண்ணை தந்தது," என்றார் அம்மா.

"நல்ல தடிப்பு," என்றார் அப்பா.

உறைந்த புல்லில் மல்லாந்து படுத்து, வண்டிக்குக் கீழே நுழைந்து, வேட்டியைச் சுற்று மேல் சுற்றாகச் சுற்றினார். மேலே குப்பைப் பையைப் போர்த்து டேப் ஒட்டினார். நான் டோர்ச் பிடித்தேன். கரை மட்டும் ஒரு முனையில் வெளியே தெரிந்தது. "வடிவா இருக்கு," என்றேன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

விடிந்தபோது ஜன்னலின் உட்புறத்தில் பனிப்பூ பூத்திருந்தது. நான் போர்வையோடு எழுந்தோடிப் போய்ப் பார்த்தேன். நூலளவு தண்ணீர் வாளிக்குள் விழுந்துகொண்டேயிருந்தது.

"அப்பா, இட்ஸ் ஸ்டில் ரன்னிங்!"

அப்பா வாளிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவர் படுக்கவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முகாம்காரி வந்ததும் குழாயை முழுதாகத் திறந்து காட்டினார். அவள் கைதட்டினாள். பக்கத்து வண்டிக்காரர் தேநீருக்குத் தண்ணீர் கேட்டு வந்தார். அப்பா கேத்தலை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார்.

அன்றுதான் ஆடி அமாவாசை. பெரியப்பாவின் தொலைபேசி அழைப்பு பத்து மணிக்கு வந்தது. அவர் பேசியது கேட்கவில்லை. அப்பா பேசியது மட்டும் கேட்டது. "ஓம் அண்ணை, குளிக்கப் போறன். இல்லை, அதுக்கில்லை. நான் ஒவ்வொரு நாளும் குளிக்கிறனான்."

மதியம் அம்மா சோறும் பருப்பும் பாவற்காய்க் கறியும் சமைத்தார். முதல் நாள் குளிர்பெட்டிக்குள் கோழியிறைச்சி இருந்ததைக் கண்டிருந்ததால் எனக்கு ஏமாற்றம். அப்பா குளித்துவிட்டு வந்து தட்டைப் பார்த்தார்.

"எனக்கு முட்டை பொரி."

"இண்டைக்கு ஒரு நாளைக்கு…"

"ரெண்டாப் பொரி. அப்பா திரும்பி வந்தா, ஏன் விரதம் பிடிச்சனெண்டு நான் அவருக்குக் கணக்குச் சொல்லோணும்."

அம்மா முட்டையை உடைத்தார். அதற்குப் பிறகு ஒரு வாழையிலைத் துண்டுகூட இல்லாததால் காகிதத் தட்டில் ஒரு பிடி சோறெடுத்து, அப்பாவைப் பார்க்காமல் வெளியே போய், வண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். மிஞ்சின சோறு என்று நான் நினைத்தேன். காகத்தைப் போன்ற, மஞ்சள் கண்ணுள்ள பெரிய கறுப்புப் பறவையொன்று மரத்திலிருந்து இறங்கித் தத்தித் தத்தி அதை நோக்கி வந்தது. பக்கத்தில்தான் வேட்டியின் கரை தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா தட்டை வைத்துவிட்டு எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் பனிக்குள் இறங்கிக் கைகளை ஓங்கித் தட்டினார்.

"போ! இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை! போ!"

அது நாலடி பறந்து, திரும்பவும் சோற்றைப் பார்த்து நின்றது. அது வேட்டியைக் கொத்திக் கிழித்தால் குழாய் உறைந்துபோகும் என்று எனக்குப் பயம் பிடித்தது. நானும் குதித்து இறங்கி, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, அவரைப்போலவே கைதட்டிக் கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகம் ஏன் அப்படியிருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. குளிர் என்று நினைத்தேன். அந்தப் பறவை ஏரியைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை விரட்டினேன். குழாயைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு திரும்பி வந்தேன்.