வளைவுக்கு முன்னால் கிடந்த மட்டை

ரந்தாவிலிருந்து லிங்கிக்குப் போகும் தோட்டத்துச் சாலையில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. வளைவுக்கு முன்னால் நடுச்சாலையில் ஒரு பச்சைச் செம்பனை மட்டை கிடக்கிறது. பின்னால் வருபவர் யாராவது அதில் ஏறி விழுந்துவிடுவார்களே என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதை இழுத்து ஓரத்தில் போடுகிறேன். திருப்தியோடு வளைவில் திரும்புகிறேன்.

சக்கரம் வழுக்குகிறது. கால் ஊன்றி எப்படியோ நின்றுவிடுகிறேன். லாரியிலிருந்து விழுந்த செம்பனைப் பழங்கள் நசுங்கி, தார் முழுக்க எண்ணெய். தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அதன்மேல் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே, கண்ணு தெரியலையா? மெதுவா வரட்டும்னுதானே அங்க மட்டை வெட்டிப் போட்டிருக்கேன்!"

"அது... நான்தான் எடுத்து ஓரமா போட்டேன்."

"ஐயோ, எடுத்துட்டீங்களா? ஸ்கூல் விடுற நேரம்லா! ஓடுங்க!"

வளைவுக்கு அப்பால், நான் வந்த பக்கம், மோட்டார் சத்தம் கேட்கிறது. ஓடுகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்கு மேலே ஆட்டுகிறேன். ஓட்டி வருபவரின் இடுப்பைப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி கட்டிப்பிடித்திருக்கிறாள். மோட்டார் ஆடி ஆடி, என் முழங்காலுக்கு முன்னால் நிற்கிறது.

வளைவில் எண்ணெய் கொட்டிக் கிடப்பதைச் சொல்கிறேன். "ரொம்ப நன்றிண்ணே," என்கிறார் அவர். மகளை இறக்கிவிட்டு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

மட்டையை இழுத்து வந்து பழைய இடத்தில் போடுகிறேன். என்னைப் போல இன்னொருவர் வந்து எடுத்துவிட்டால்? அக்கா மண் போட்டு முடிக்கும்வரை அதன் பக்கத்திலேயே நிற்கிறேன்.