ஸ்கேல் அக்காவின் நோட்டீஸ்

எங்களுக்கெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது. அக்காவுக்கு இருபத்தாறு. துணிக் கம்பெனியில் ஐந்து வருடம் சட்டைக் காலருக்கு லேபிள் தைத்துவிட்டு கிராஃபிக் டிசைன் படிக்க வந்திருந்தாள். கையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். திரையில் தெரியும் எழுத்தைக்கூட அதை வைத்து அளந்து பார்ப்பாள். ஸ்கேல் அக்கா என்று நாங்கள் கூப்பிட்டதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே எழுத்தை வைத்து ஒரு படம் செய்யச் சொன்னது முதல் வேலை. நாங்கள் பூ, பறவை என்று ஜோடித்துக்கொண்டிருக்க, அவள் 'ட'வை அடுக்கடுக்காக வைத்து நீண்ட மாடிப்படி ஒன்றைச் செய்தாள். எழுத்து வடிவமைப்பு சொல்லிக்கொடுத்த டைப்போகிராஃபி மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படி சரி. ஏறுற ஆளைக் காணோமே?" என்றார் விளையாட்டாக.

அக்கா சிரிக்கவில்லை. ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது வேலை, தெருவில் ஒட்டியிருக்கும் ஒரு நோட்டீஸைப் பிடித்து, அதன் குறைகளை வகுப்பில் சொல்லி, திருத்தி வடிவமைப்பது. நான் ரொம்ப அலையவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடைச் சுவரில் ஒரு 'காணவில்லை' இருந்தது. மஞ்சளில் சிவப்பு, நாலு வகை எழுத்து, போன் நம்பர் அடியில் எறும்பு மாதிரி. போட்டோவைப் பக்கவாட்டில் இழுத்ததில் அந்த ஆளின் முகம் பூசணிக்காயாக விரிந்திருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் அதைப் பெரிய திரையில் போட்டதுமே சிரிப்பு கிளம்பிவிட்டது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த ஆளே நேரா வந்து நின்னு பாத்தாலும், பாவம் யாரோன்னு போயிடுவாரு," என்றேன். மேடம்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்தாள்.

"அது நான் பண்ணது," என்றாள். "அது என் அண்ணன்."

மேடம் வாயிலிருந்து கையை எடுத்தார். அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இங்க சேர்றதுக்கு முன்னாடி, பிரிண்ட் கடையில உக்காந்து பண்ணேன். போட்டோ சின்னதா இருந்துச்சு, இழுத்தேன். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டு இழுத்தாதான் முகம் விரியாதுன்னு அப்ப தெரியாது."

அவள் திரையில் பழையதற்குப் பக்கத்தில் இருந்த, நான் திருத்திய நோட்டீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோடது நல்லா இருக்கு. ஃபைலை அனுப்புறியா?"

அன்று மாலை கம்ப்யூட்டர் அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. வேலையை மட்டும் செய்தேன். அவள் வேறொரு போட்டோ கொண்டுவந்திருந்தாள். அண்ணன் தோளில் ஒரு கை இருந்தது.

"யாரோட கை அக்கா?"

"என்னோடதுதான். எடுத்துடு."

கையை அழித்து, சட்டையின் கோட்டைச் சேர்த்தேன். அதைச் செய்யும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் கிடங்கு ஒன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். ஒரு நாள் சரக்குப் பெட்டி சரிந்து, கூட வேலை பார்த்தவரின் கால் நசுங்கிவிட்டது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை. முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு காலையில் போனவர்தான்.

"போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். ஆறு மாசமாச்சு. ஒரு போன்கூட வரல."

புது நோட்டீஸில் முகம் பெரிதாக, நம்பர் அதற்கு அடுத்தபடியாக, மற்றதெல்லாம் சின்னதாக. நாங்கள் இரண்டு பேரும் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைகளிலும்கூட ஒட்டினோம். நாலாம் நாளே ஒரு லாரி டிரைவர் அக்காவின் அம்மாவுக்குப் போன் செய்தார். நெடுஞ்சாலை ஓரத்துக் குளிர்பதனக் கிடங்கில் இந்த ஆள் மூட்டை தூக்குகிறார் என்று சொன்னார்.

மறுநாள் அக்காவோடு நானும் போனேன். கிடங்கின் மேற்பார்வையாளர் நோட்டீஸை வாங்கிப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"இவருதான். எதிர்ல டீக்கடைச் சுவத்துல இதை ஒட்டியிருந்தாங்கள்ல, பசங்க பாத்துட்டு, அண்ணே நீங்களான்னு கேலி பண்ணிருக்காங்க. நேத்து மத்தியானமே சொல்லாம கொள்ளாம போயிட்டாரும்மா."

அக்கா அங்கேயே ஒரு மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தைத் தெளிவாக்கியது நான். பழைய நோட்டீஸே இருந்திருந்தால் அவர் அங்கேயே இருந்திருப்பார் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அந்த வாரமே அண்ணன் அம்மாவுக்குப் போன் செய்து ஒரே வார்த்தை சொன்னாராம்: "அந்தப் போட்டோவையெல்லாம் எடுக்கச் சொல்லும்மா."

"உசுரோட இருக்கான்ல, போதும். இனிமே அவனைத் துரத்த வேண்டாம்," என்றார் அம்மா. வாளியில் தண்ணீரும் பிரஷுமாகப் போய், ஒட்டியதையெல்லாம் ஊறவைத்துக் கிழித்தோம். நல்ல பசை போட்டிருந்தோம், லேசில் வரவில்லை. சில சுவர்களில் பாதி முகம் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நோட்டீஸுக்கு எனக்குத்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். அக்கா தன் பங்குக்கு அந்த வேலையைச் செய்து கொடுக்கவேயில்லை. மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்தப் பாடத்தை அடுத்த வருடம் மறுபடி எழுதித்தான் தேறினாள். இப்போது மருந்து அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் இருக்கிறாள்.

போன மாதம் ரயில் நிலையத்தில் பார்த்தேன். அண்ணனைப் பற்றிக் கேட்டேன்.

"எப்பவாவது போன் வரும், ஒவ்வொரு தடவையும் வேற நம்பர். அவன் பேச மாட்டான். அம்மாதான் குழாய்ல தண்ணி வரல, பக்கத்து வீட்ல வெள்ளையடிச்சாங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்க. கொஞ்ச நேரம் கேட்டுட்டு வெச்சிடுவான்."

"நீங்க பேசலையா அக்கா?"

"ஒரு தடவை வாங்கினேன். அண்ணான்னு சொன்னதும் கட் பண்ணிட்டான். இப்ப போன் வந்தா நான் வேற ரூமுக்குப் போயிடுவேன்."