ஐஸக்கா பார்க்காமல் விட்ட நிறம்

அவளுக்கு ஐஸக்கா என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், குளிர்பெட்டிகளுக்கு நடுவே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? பேர்தான் ஐஸ். யாருக்கும் ஐஸ் வைக்க மட்டும் அவளுக்கு வராது. அதனாலோ என்னவோ, கூடச் சேர்ந்தவர்களெல்லாம் மேல்மாடிகளுக்குப் போய்விட, அவள் போட்ட இடத்திலேயே கிடந்தாள். வீட்டிலும் ஒண்டிக்கட்டைதான். திங்கட்கிழமை சமைத்தது புதன்கிழமை வரை வரும்.

தலையில் அடிபட்ட குழந்தைகளின் ரத்தம் அவளிடம் வரும். மூளை அடிபட்டால் அதன் செல்களிலிருந்து ஒரு புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்கும். அது எவ்வளவு என்று பார்த்து, பிள்ளை தேறுமா என்று டாக்டர்கள் ஓரளவு கணிப்பார்கள். ஆனால் அந்தப் புரதம் சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. வருகிற வழியில் யாராவது குழாயைக் கண்டபடி குலுக்கிவிட்டால் அணுக்கள் உடைந்து எண் எகிறிவிடும். அதனால், அணுக்கள் அடியில் படிய இயந்திரத்தில் சுழற்றி எடுத்ததும் குழாயை வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் நீர் வைக்கோல் நிறமென்றால் சரி. இளஞ்சிவப்பு என்றால் ஒதுக்கிவிட்டு வேறு ரத்தம் கேட்க வேண்டும். ஒரு குழாயைக்கூட அவள் பார்க்காமல் விட்டதில்லை.

அன்று விட்டாள். மாடிப்படியில் உருண்டு விழுந்த ஆறு வயதுப் பெண்ணின் ரத்தம் அது. சுழற்றிய குழாயை அவள் கையில் எடுத்த நேரம் பக்கத்து அறையில் யாருக்கோ பிரிவுபசார விழா. "ஐஸக்கா, சீக்கிரம் வாங்க, போட்டோ எடுக்கணும்!" என்று ஒரு குரல். அடேயப்பா, அவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! குழாயை அளக்கும் இயந்திரத்தில் சொருகிவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு ஓடினாள். போனதும் செல்போனை அவள் கையில் திணித்தார்கள்.

"எல்லாரும் விழற மாதிரி எடுங்கக்கா."

எடுத்தாள். மூன்று படம். திரும்பி வந்து, இயந்திரம் காட்டிய எண்ணை அப்படியே மேலே அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் குழாய்களை அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. இளஞ்சிவப்பு.

போனில் சொல்லியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறினாள். "அவங்க அப்பாகிட்ட நம்பிக்கை இல்லைன்னு சொல்லிட்டேனேம்மா!" என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். உடனே வேறு ரத்தம் எடுக்கச் சொன்னார். வெளியே பெஞ்சில் அந்த அப்பா, மடியில் ஒற்றைச் சின்னச் செருப்போடு உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்த நம்பர் தப்பு. நான்தான் சரியா பார்க்காம அனுப்பிட்டேன்."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"அப்போ பாப்பா கண்ணு முழிச்சிடுவாளா?"

"தெரியாது, சார்."

"தெரியாதுதானே? நிச்சயமா தெரியாதுதானே?" அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அது போதும்மா. எனக்கு அது போதும்."

அவள் கையை ஒருவர் பிடித்து வருடக்கணக்காகியிருந்தது.

அடுத்த குழாயை அவளே குலுங்காமல் தூக்கி வந்தாள். வைக்கோல் நிறம். எண் முன்னதில் பாதிக்கும் கீழே. நாலு நாள் அந்தப் பெண்ணின் குழாய் வந்தது. ஐந்தாம் நாள் வரவில்லை. ஆறாம் நாளும் இல்லை.

கீழே இருப்பவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்.

மூன்றாம் மாடிக்குப் பேச நாலு எண் அழுத்தினால் போதும். மூன்று அழுத்தினாள். நாலாவதில் விரல் நின்றுவிட்டது. யாராவது எடுத்துவிட்டால் தெரிந்துபோகுமே! போனை வைத்துவிட்டாள்.

வீட்டில், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னாள்: "தெரியாது. எனக்கு அது போதும்."

போதவில்லைதான். ஆனாலும் அன்று சோறு இறங்கியது.