சின்னதாகப் பிறக்கும் என்றாள் டாக்டர்

இந்த வாரம் வேறு ஒன்று எழுதுவதாக இருந்தேன். கொஞ்சம் சிரிப்பாக. மன்னிக்கணும், மனசு வரவில்லை.

என் சித்தி மகள் வசந்தா டாக்டர். கர்ப்பிணிகள் போடும் புகையிலை வயிற்றிலிருக்கும் குழந்தையை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் பெண்களைப் பார்க்கப் போவாள். பேச்சுத் துணைக்கு நானும் காரில் தொற்றிக்கொள்வேன்.

அங்கே கன்னத்தில் புகையிலை அடக்காத பெண்ணைப் பார்ப்பது கஷ்டம். மசக்கைக்கும் அதுதான், பசிக்கும் அதுதான். பொழுதெல்லாம் குந்தி உட்கார்ந்து கிழங்கு உரிக்கிறவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

தை மாதம் போனபோது தகரக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினாள் வசந்தா. மாசமாக இருக்கும்போது புகையிலை போட்டால் குழந்தை எடை குறைந்து சின்னதாகப் பிறக்கும் என்று கையால் அளவு காட்டிச் சொன்னாள். அவ்வளவு அக்கறையாகக் கேட்டார்கள். பாவாயி என்ற கர்ப்பிணிப் பெண் எழுந்து வந்து, நிஜம்தானா என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனாள். திரும்பும் வழியெல்லாம் வசந்தாவுக்குச் சந்தோஷம். காலேஜில் பாடம் எடுத்தால்கூட இப்படிக் கேட்க மாட்டார்களாம்.

போன வாரம் தராசோடு போனோம் – பிறந்த குழந்தைகளை எடை போட. பாவாயி வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள். கையில் பழைய சேலைச் சுருணை. அதற்குள் குழந்தை எங்கே என்று தேட வேண்டியிருந்தது...

"நீங்க சொன்னாப்பலயே செஞ்சனுங்க டாக்டரம்மா. முன்னெல்லாம் எப்பவாச்சும்தான் போயிலை போடுவனுங்க. நீங்க சொன்ன பொறவு பொழுதினிக்கும் போட்டனுங்க. வலியே அத்தனை தெரியலீங்க."

வசந்தா தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் விவரம் வந்தது. பாவாயியின் முதல் பிள்ளை பெரிசு. பிரசவத்தில் சிக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டது. அவள் பிழைத்ததே பெரும்பாடு. அந்தப் பக்கத்தில் ஏழாம் மாதம் ஆனதும் பெண்கள் அரை வயிறுதான் சாப்பிடுகிறார்கள். பிள்ளை பெருத்துவிடக் கூடாதே என்ற பயம். அவர்களிடம் போய், சின்னதாகப் பிறக்கும் என்றால்? மருந்து சொன்னதாகத்தானே எடுத்துக்கொள்வார்கள்?

குழந்தைக்குப் பால் உறிஞ்சத் தெம்பில்லை. அழுவதே இல்லை, ரொம்பச் சமர்த்து என்று பாவாயிக்குப் பெருமை வேறு. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மருமகள் எட்டிப் பார்த்தாள். அவளும் மாசம். அவள் கன்னத்திலும் புகையிலை.

சொன்னால் பாவாயி உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அடுத்தது இவள். வசந்தா சொல்லிவிட்டாள். குழந்தையின் மூச்சுக்கும் வளர்ச்சிக்கும் என்ன கேடு வரும், சில குழந்தைகள் தங்காமலே போகும் – எல்லாவற்றையும் சொன்னாள். உடனே சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், காரில் ஏறு என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். பாவாயி அழவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா நான் அதைத் தொட்டிருப்பனுங்களா."

சேலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. பிழைத்துவிடும் என்று சொல்ல வசந்தாவுக்கே வாய் வரவில்லை.

கெடுதல் என்னவென்று சொல்லக் கிளம்புகிறவர்கள், உனக்கு எதும்மா பயம் என்று முதலில் கேட்டிருக்கலாம்!