இரண்டாவதாக ஓடியது

மெல்லிய மல் துணியை இரண்டாக மடித்து, சர்வர் பெட்டி காற்றை இழுக்கும் முன்பக்கத்தில் விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் அழுத்தினாள் இசக்கிசெல்வி. கீழே கிடங்கில் சுக்கு சலிக்கிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியின் இந்தத் தெருவில், மாடியில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தூசிக்கு இப்படித்தான் துணி கட்டுகிறார்கள்.

இசக்கிசெல்வி பழைய சர்வர்களை வாங்கிச் சரிசெய்து விற்பவள். அவளுடைய அப்பா தென்காசியிலிருந்து வந்து, இதே கிடங்குகளில் மூட்டை இறக்கினார். அவள் இடப்பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் பெட்டி துடைக்கப் போனாள். துடைத்த பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. இணையத்தில் நிறையப் படித்தாள். தானே ஓட்டிப் பார்த்ததை மட்டும் நம்பினாள்.

இந்தப் பெட்டி பாக்கியலக்ஷ்மியுடையது. பாலக்காட்டுக்காரர், இணையத்தில் மிளகு ஏலம் நடத்துகிறார். போன ஏலத்தின் கடைசி நிமிடத்தில் எல்லாரும் ஒன்றாக விலை கேட்டபோது அவருடைய பழைய சர்வர் உறைந்துபோனது. இன்னொரு முறை நின்றால் வேறு இடம் பார்ப்போம் என்று விவசாயிகள் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஏலம் திங்கட்கிழமை. முப்பத்திரண்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் முப்பத்திரண்டு கணிப்பகுதிகள், கொண்ட பெட்டி வந்தாயிற்று. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்ற இரண்டு இயங்குதளங்களில் எது அத்தனை கோர்களுக்கும் வேலையை நன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கும் என்பதுதான் கேள்வி.

முதல் நாள் ஏல மென்பொருளைக் காலையில் லினக்ஸிலும் மதியம் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓட்டினாள். லினக்ஸ் வெகுதூரம் முந்தியது. மறுநாள் புதுத் துணி கட்டி, வரிசையை மாற்றி ஓட்டினாள்.

பாக்கியலக்ஷ்மி சாயாவோடு மாடியேறினார். "லினக்ஸ்தானே ஜெயிச்சுது செல்வி? மதி, இதுவே போதும், அதையே போட்டுக் குடு."

"பொறுங்க சேச்சி. இன்னைக்கு அது தோத்துப்போச்சு."

"அய்யோ! தோசை வெந்துதான்னு கேட்டா, நீ மாவை மறுபடி அரைப்பே போலிருக்கே."

"கல்லு காயலியா, மாவு சரியில்லையான்னு பாக்கணும்லா?"

இரண்டு நாளும் இரண்டாவதாக ஓடியதுதான் தோற்றிருந்தது. வெப்ப அளவைப் பார்த்தாள். மதியத்தில் பிராசஸர்கள் சூடேறி, தாமாகவே வேகத்தைக் குறைத்திருந்தன. துணியை உரித்தாள். உள்மடிப்புவரை சுக்குத்தூள் அப்பிக் கிடந்தது.

"ரெண்டுமே மூச்சு முட்டித்தான் தோத்திருக்கு."

பாக்கியலக்ஷ்மி சாயாவைக் கீழே வைத்தார். "என் ஆபீஸும் கிடங்குக்கு மேலேதானே! அப்போ திங்கக்கிழமை?"

"இப்படியே போயிருந்தா, எதைப் போட்டாலும் நின்னுருக்கும். இப்பவே தெரிஞ்சது நல்லதுதான்."

காற்று தாராளமாக நுழையும்படி அகலமான மரச்சட்டம் செய்து, பக்கங்களை அடைத்து, பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளித் துணியைக் கட்டினாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுத் துணி. பெட்டி ஆறிய பிறகே அடுத்தது. வரிசையை மாற்றி மாற்றித் திரும்ப ஓட்டினாள். பாதிக் கோர்கள் வேலை செய்யும்வரை இரண்டும் சமம். முப்பத்திரண்டும் முழுமூச்சில் ஓடும்போது, இந்தப் பெட்டியில், இந்த ஏல மென்பொருளுக்கு ஃப்ரீபிஎஸ்டி சற்று முந்தியது. ஒவ்வொரு முறையும் முந்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீபிஎஸ்டி போட்ட பெட்டியைத் துணிச்சட்டத்தோடு பாக்கியலக்ஷ்மியின் அலுவலகத்தில் பொருத்தி, விவசாயிகளையும் வியாபாரிகளையும் அழைத்து ஒத்திகையாக ஒரு பொய் ஏலம் நடத்தினார்கள். கடைசி நிமிடத்தில் விலைகள் மழைபோல் விழுந்தன. ஒன்றும் உறையவில்லை.

"இல்லாத மிளகுக்கு எல்லாரும் இப்படி அடிச்சுக்கறாளே!" என்று பாக்கியலக்ஷ்மி சிரித்தார்.

செல்வி தன் கடவுச்சொல்லை அழித்துவிட்டு விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். "இனி உங்களோடது சேச்சி, உங்க கடவுச்சொல்லைப் போடுங்க" என்றாள். அவர் தட்டி முடிக்கும்வரை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.