ஜுலைகாவின் கதையை நான் நிறுத்திய இடம்

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடும்போது ஒருவரை ஒருவர் மடக்க ஒரு வாக்கியம் வைத்திருக்கிறீர்கள். "அது வேதத்துல இல்ல, பாய்" என்று விரலை ஆட்டிச் சொல்கிறீர்கள். போன வாரம், குழம்பில் உப்பு சரியாகத்தான் போட்டேன் என்று அம்மா சொன்னதற்குக்கூடச் சின்னவன் அதைச் சொன்னான். எல்லாரும் சிரித்தீர்கள். அது என் குரல், என் விரல். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா இறந்த முப்பதாம் நாள் ஜெபத்தன்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது பாதிதான்.

அன்று குருபோங்கில், தாத்தா இருந்த வீட்டில், ஜெபமும் சாப்பாடும் முடிந்து, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் வழக்கம்போல் தாத்தாவைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடை பாயும் வந்திருந்தார். தாத்தா லூபோக் சீனா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலேயே மோட்டார் சைக்கிளில் துணி மூட்டையோடு வந்து பழகியவர். வியாபாரம் முடிந்தாலும் போகமாட்டார்; தாத்தாவோடு வேதக் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்காக முஸ்லிம் கடையில் தனியாகச் சோறு வாங்கி வைத்திருந்தேன். இவ்வளவு பக்குவம் யாருக்கு வரும் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

பாயின் முறை வந்தது. ஆஸ்பத்திரியில் தாத்தா அவரிடம் யூசுப் நபியின் கதையைக் கேட்டாராம். அதாவது நம்முடைய யோசேப்பின் கதை. பாதி சொல்வதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் அவர் போனபோது தாத்தாவுக்கு நினைவு தப்பிவிட்டது. "முடிவு பாக்கி நிக்குது. அவரு வீட்டுல வச்சு சொல்லிட்டா எனக்கு மனசு ஆறும்" என்றார்.

சொல்லத் தொடங்கினார். எகிப்து அதிகாரியின் மனைவி ஜுலைகா யூசுபைத் துரத்துகிறாள். அவர் ஓடும்போது அவள் பிடித்து இழுத்ததில் சட்டை முதுகுப் பக்கம் கிழிகிறது. அதை வைத்தே அவர் குற்றமற்றவர் என்று தெரிந்துவிடுகிறது.

நான் குறுக்கிட்டேன். துணி கிழியவில்லை, அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார், அந்தத் துணியைக் காட்டித்தான் அவரைச் சிறையில் போட்டார்கள் என்றேன். பாய் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். ஜுலைகாவுக்கு வயதாகிறது, அழுது அழுது கண் போகிறது என்று அவர் சொன்னபோது நான் மறுபடியும் விரலை நீட்டினேன்.

"அது வேதத்துல இல்ல, பாய். அவளுக்கு அதுல பேரே கிடையாது. நீங்க எதையோ போட்டுக் கொழப்பிக்கிறீங்க. வயசாச்சுல்ல."

நான் ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவன். அந்தத் தைரியம். ஜெபக்குழு ஆட்கள் முன்னால் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. பாய், "ஆமா தம்பி, ஒங்க வேதத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்து, தொழுகைக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார். பின்னால் நின்ற நீங்கள் கிளுக்கென்று சிரித்தது அவருக்கும் கேட்டிருக்கும்.

பிறகு ஒருநாள் மறைக்கல்விக்கு அதே யோசேப்பு பாடம் வந்தது. நான் வேலை செய்யும் கிடங்கில் டீ நேரத்தில், ஃபோர்க்லிஃப்ட் மேலேயே உட்கார்ந்து போனில் தேடினேன். நான் தேடாத ஒன்று வந்து விழுந்தது. நம் வேதாகமத்து ஆட்களைப் பாரசீகக் கவிஞர்கள் பல நூறு வருஷமாகப் பாடியிருக்கிறார்கள். ஈசா நபியின், அதாவது நம் ஆண்டவரின், மூச்சு என்றாலே உயிர் கொடுக்கிற மூச்சுதானாம். காதலியின் பேச்சைப் பாடினாலும் அந்த மூச்சைச் சொல்வார்களாம். யூசுப் கதை அவர்களுக்கு உயிர். முதுகுப் பக்கம் கிழிந்த சட்டை குர்ஆனில் இருக்கிறது. ஜுலைகா என்ற பெயரும் அவள் முதுமையும் அதிலும் இல்லை. விளக்கம் எழுதியவர்களும் கவிஞர்களும் சேர்த்தவை. அந்தக் காலத்து முஸ்லிம் அறிஞர்கள் யூதரிடமும் கிறிஸ்துவரிடமும் கேட்ட கதைகளை எழுதி வைக்க, பின்னால் வந்த சிலர் அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள். எது வேதத்தில் உண்டு, எது இல்லை என்று எனக்கு முன்னாலேயே எத்தனையோ பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நான் அதை ஒரு கிழவரின் மறதி என்று நினைத்தேன். ஹாரன் அடித்து யாரோ வழி கேட்டபோதுதான் வண்டியை எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பாயின் கடைக்குப் போனேன். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்குக்குத் துணி அளந்துகொண்டிருந்தவர் உட்காரச் சொன்னார். படித்ததைச் சொல்லி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எல்லாம் போன்லயே இருக்கா? அப்ப என்னைய எதுக்குலா தேடி வந்த?" என்று கேலி செய்தார். துணியை மடித்து வைத்துவிட்டு, "நீ சொன்னது ஒங்கப்பாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா தம்பி? தோட்டத்துலேந்து எங்களுக்குச் சட்டைக்குத்தான் சண்ட. அவருக்கு அது அவ கையில இருக்கணும், எனக்கு முதுகுல கிழியணும். ஆனா கதையில ஜுலைகா கெழவியாயிட்டா அவரு வாயத் தொறக்கமாட்டாரு. அங்க மட்டும் அவருக்கு எங்க கதைதான் வேணும்" என்றார்.

அப்படியானால் அன்று நான் பாயை மட்டும் நிறுத்தவில்லை. அப்பா கடைசியாகக் கேட்டதையும் நிறுத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், அதே ஆட்களைக் கூப்பிடுகிறேன், முழுக்கதையும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"வேணாம்பா. அன்னைக்குச் சொன்னா அது அவருக்கு. இனிமே சொன்னா அது ஒன் மனசு ஆறுறதுக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். உங்கள் படிப்பைப் பற்றிக் கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடையிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வெயில் ஏறியிருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. தாத்தாவின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, படித்து வைத்திருந்த அந்தக் கதையைப் போனைப் பார்க்காமல் சொன்னேன். பாயைப் போல் எனக்குச் சொல்ல வராது. இரண்டு இடத்தில் தடுமாறித் திரும்பச் சொன்னேன். சட்டையை முதுகுப் பக்கமே கிழித்தேன். கண் போன ஜுலைகா சாலையோரக் குடிசையில், யூசுபின் குதிரை போகும் சத்தத்தைக் கேட்பதற்காகவே காத்திருக்கிறாள். ஒருநாள் அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கிறது. யாரென்று கேட்கிறார். கடவுள் அவளுக்குக் கண்ணையும் இளமையையும் திருப்பித் தருகிறார்.

"அப்புறம் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கப்பா" என்று சத்தமாகவே சொல்லி முடித்தேன்.